பின்பக்கத்து முடிச்சுகள்

மகள் கல்யாணத்துக்கு நான் உடுத்தவேண்டிய அங்கியில் இடது கைக்கு மட்டும் பூவேலை பாக்கி. அதற்குள் எனக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்துவிட்டு வந்து பார்த்தால், யாரோ அதை முடித்து மடித்து வைத்திருந்தார்கள்.

எங்கள் ராமல்லாவில் தையலின் தரத்தைப் பின்பக்கத்தில்தான் பார்ப்போம். திருப்பினேன். ஒரே முடிச்சுக் காடு.

"எந்தக் கழுத செஞ்ச வேல இது?"

பஸ் ஓட்டும் என் கணவர் ரம்ஸி, ஊசி குத்திய விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "முன்பக்கம் நல்லாத்தானே இருக்கு?"

அந்த விரல்களை முன்னால் இழுத்துப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று நாத்தனார் இன்ஸாஃப் வழக்கம்போலத் திருப்பிப் பார்க்க வந்தாள்.

"இரு, உனக்கெதுக்குச் சிரமம்?" என்று, முடிச்சுகள் ஊருக்கே தெரியும்படி அங்கிக் கையின் நுனியை நானே மடித்துவிட்டுக்கொண்டேன். "உங்கண்ணன் தெச்சது. நல்லாப் பாத்துக்க."