இடது கன்னம்

ஓவிய வகுப்பில் அக்காவுக்குக் கிடைத்தது, பழைய சுவரோரம் நிற்கும் ஒரு சீமாட்டியின் படம். பெயர்பெற்ற எண்ணெய் ஓவியம். அதன் அச்சுப் பிரதியைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். முகம் வரையக் கற்க அதுதான் வழி என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்சம் உக்காருடி" என்று தங்கையைக் கூப்பிட்டாள் அக்கா. "இடது பக்கம் வெளிச்சத்துல இருக்கட்டும்."

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய இடது கன்னம் சின்ன வயசிலேயே வெந்து சுருங்கிப்போனது. நாலு வயசில் அவள்மேல் வெந்நீரைத் தட்டிவிட்டது இதே அக்காதான். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அக்கா ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. தங்கையும் முடியை இழுத்துவிட்டு, வலது பக்கத்தை மட்டும் காட்டியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டாள்.

வாயில் வராததை அக்கா தூரிகையால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி! ஆறு வாரம் முடியைத் தூக்கிக் கிளிப் போட்டு, கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் அசையாமல் உட்கார்ந்தாள். படத்தை மட்டும் கண்ணில் காட்டவில்லை அக்கா. "முடியட்டும், வகுப்புல வந்து பாரு."

படம் முடிந்த அன்றைக்குப் புதுத்துணி உடுத்திக்கொண்டு, யாரும் சொல்லாமலே கிளிப்பையும் போட்டுக்கொண்டு போனாள்.

படத்தில் சீமாட்டியின் முகம் மழமழவென்று இருந்தது. தன் சாயல் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். மூக்கில் இல்லை, வாயில் இல்லை, கன்னத்தில் இல்லவே இல்லை. வாத்தியாரோ முகத்தைக் கண்டுகொள்ளாமல், பின்னாலிருந்த காரை பெயர்ந்த சுவரைக் காட்டினார்.

"மத்ததெல்லாம் சுமார்தான். இந்தச் சுவர் மட்டும் தத்ரூபம். அச்சுல இந்த மூலை ஒரே இருட்டா இருந்துச்சே, எதைப் பார்த்துப் போட்டீங்க?"

"அதுக்கு எங்க சார் போகணும்? வீட்டுலயே இருக்கே" என்று சிரித்தாள் அக்கா. கண் தங்கை பக்கம் போனது.

பத்துத் தலைகள் ஒன்றாகத் திரும்பின. "அட, ஆமால்ல!" என்றது ஒரு குரல். வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சுவரையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கையின் கை கிளிப்பைத் தேடிப் போனது.

"இருடி, கழட்டாத. இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பு, சார் நல்லா பார்க்கட்டும்."

ஆறு வாரப் பழக்கம். கழுத்து தானாகத் திரும்பியது.