இடது கையுறை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சமையலறையில், குழாயடியில்.

மேற்கு லண்டனில், வயதானவர்களுக்கான எங்கள் குடியிருப்பில், ஒரு பொதுக்கூடம் உண்டு. ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் படம் வந்துவிடும். (பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் என்னை அப்படியே விட்டுவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?) சொத்துக்காகச் சித்தப்பா ஒருவன் அண்ணன் மகளைப் பைத்தியமாக்கப் பார்ப்பான். கடைசியில் அவளைப் பயணப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவான். அவள் அலறுவாள். அந்த அலறலுக்கு ஒரு நிமிடம் முன்னால் மூன்றாம் எண் வீட்டு எனிட் ப்ராக்டர் எழுந்து போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் பிடிப்பாள்.

நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வருடம் பின்னாலேயே போனேன்.

"என்ன எனிட், அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு பயமா?"

"ஓடிப் போய் அவ இடது கையைப் பாருங்க," என்றாள்.

ஓடினேன். அந்தப் பெண்ணின் வலது கையில் வெள்ளைக் கையுறை இருந்தது. இடது கை வெறுங்கையாக இருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "1961 நவம்பர். வெளியே மழை கொட்டிக்கொண்டிரு—"

அடித்துவிட்டேன். படப்பிடிப்புத் தளத்துக்கு ஜன்னலே கிடையாது, மழையை யார் கண்டது?

இரண்டாம் முயற்சி: "எனிட் நல்லவள். ஆனாலும் அவள்—"

இதுவும் வேண்டாம். நல்லவளா இல்லையா என்பதுதானே என் பிரச்சினையே.

நேராகவே சொல்கிறேன். எனிட்டுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. வேலை, கன்டினியூட்டி பார்ப்பது. கேமராவுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி, மடியில் நோட்டு, கழுத்தில் ஸ்டாப் வாட்ச். படத்தை வரிசையாக எடுப்பதில்லை. முடிவை முதல் வாரம் எடுப்பார்கள், நடுவை ஆறாம் வாரம். சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, எந்தப் பொத்தான் போட்டிருந்தது என்று குறித்துவைத்து, ஒவ்வொரு ஷாட்டும் முடிந்ததும் "பொருந்துது" என்றோ "பொருந்தல" என்றோ சொல்ல வேண்டும். அந்த ஆண்கள் கூட்டத்தில் அவள் வாயிலிருந்து வந்து மதிக்கப்பட்டவை இந்த இரண்டு சொற்கள் மட்டுமே.\*

\* அவள் பேசியது ஆங்கிலம். நான் எழுதுவது என் காதுக்குள் அது மாறி விழுந்த தமிழ். முப்பது வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவனின் காது, நம்பலாம்.

3

அண்ணன் மகளாக நடித்தவள் ராசலின் டேல். இருபத்திரண்டு வயது, முதல் பெரிய வேடம். சின்ன வயதில், போரின்போது, ராக்கெட் விழுந்து இடிந்த வீட்டுக்கு அடியில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தவள். லிஃப்டில்கூட ஏறமாட்டாள்.

அன்று காலை அவள் எனிட்டிடம் வந்தாள். "நிஜமாப் பூட்டிட மாட்டாங்கள்ல?"

"தாழ்ப்பாள் விழாம டேப் ஒட்டியிருக்கு. நானே பாத்தேன். உள்ளேருந்து தள்ளினா திறந்துக்கும்."

"நீங்க சொன்னா சரி எனிட். மத்தவங்க சொன்னா நம்பமாட்டேன்."

இயக்குநர் ஹியூ லாஸ்கோம் நல்ல பள்ளியில் படித்த, குரல் உயர்த்தாத, சிரித்த முகத்துக் கடங்காரன். (கதாசிரியன் பாத்திரத்தைத் திட்டக் கூடாதாம். போகட்டும், திட்டியாகிவிட்டது.) டேப்பை உரித்துவிடச் சொல்லி ரகசியமாக உத்தரவு கொடுத்திருந்தான். பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அதில் லென்ஸைப் பொருத்தியிருந்தார்கள். மூடி விழுந்தது. ராசலின் தள்ளினாள். திறக்கவில்லை.

அந்த அலறலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதைப் பற்றிக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறார்கள், நடிப்பின் உச்சமாம். நாற்பது நொடி. மூடியைப் பிறாண்டிய வேகத்தில் இடது கையுறை கழன்று எங்கோ விழுந்தது.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. டேப் இல்லை என்பதை எனிட் முன்பே பார்த்தாளா? எல்லாவற்றையும் பார்ப்பவள் அதை மட்டும் எப்படி விட்டாள்? கேட்டேன். பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

4

"கட்!" என்றான் லாஸ்கோம். "அருமை! எனிட் கண்ணு, எல்லாம் சரியா இருக்கா?"

ராசலினை வெளியே தூக்கினார்கள். அவள் எனிட்டையே பார்த்தாள். எனிட் நோட்டைப் பார்த்தாள். பெட்டியிலிருந்து ராசலின் வெளியே வரும் ஷாட்டைப் போன வாரமே எடுத்தாகிவிட்டது, இரண்டு கையிலும் உறையோடு. அது நடக்கும் வரவேற்பறை செட்டையும் பிரித்துவிட்டார்கள், திரும்ப எடுக்க வழியில்லை.

"பொருந்தல சார்," என்றாள். "இடது கையுறை இல்ல."

பத்து வருடப் பழக்கம் அது. வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"அடடா," என்றான் லாஸ்கோம். "மறுபடியும் எடுத்துடலாம்."

அதற்குள் நான்கு மணி தேநீர் வண்டி வந்துவிட்டது. தேநீர் வந்தால் எதுவானாலும் நிற்கும். அது தொழிற்சங்கத்து விதி. முப்பது பேரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். ராசலினுக்கும் ஒருவன் கோப்பையை நீட்டினான். "குடிம்மா, சூடா இருக்கு. எல்லாம் சரியாப் போயிடும்." லாஸ்கோமைத் தடுக்க ஒருவர், கதவைத் திறந்துவிட ஒருவர், வேண்டாம் என்று சொல்ல ஒருவர்? அட, ஒருவர்கூட இல்லை. பன் நன்றாக இருந்தது என்கிறாள் எனிட். அதுவும் அவள் நினைவில் இருக்கிறது.

கால் மணி நேரம் கழித்துக் கையுறையை மாட்டிவிட்டாள், எனிட்டேதான். ராசலின் கையைக் குழந்தையைப் போல நீட்டிக்கொடுத்தாள்.

இரண்டாம் முறை சத்தமே வரவில்லை. லாஸ்கோம் காத்திருந்தான். ஸ்டாப் வாட்சில் மூன்று நிமிடம் பத்து நொடி. திறந்தபோது அவள் கண்ணை விரித்தபடி கிடந்தாள். குரல் போய்விட்டது. பல வாரம் கழித்துத் திரும்பியது, கரகரவென்று, எதற்கும் ஆகாமல். மீதி வசனத்தை வேறொருத்தி பேசினாள். ராசலின் டேல் அதன்பின் எந்தப் படத்திலும் இல்லை.

5

முதல் திரையிடலில் எனிட் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி, மூடி, அலறல், வெறும் இடது கை. முதல் முறை எடுத்ததையே லாஸ்கோம் போட்டிருந்தான்.

வாசலில் அவனைப் பிடித்து நிறுத்தினாள். "அது பொருந்தலையே சார். அதுக்காகத்தானே அவளை மறுபடியும் உள்ளே போட்டீங்க?"

"எல்லாரும் முகத்தைத்தான் பாப்பாங்க, எனிட் கண்ணு," என்றான். "கையை யாரு பாக்கறா?"

அவன் சொன்னது உண்மைதான். அறுபது வருடமாக யாரும் பார்க்கவில்லை. வயிறு எரிகிறது.

6

முடிவுகள்.

அ) லாஸ்கோம் அவமானப்பட்டுச் சாகிறான். (பொய். பட்டம், பதக்கம், தூக்கத்தில் சாவு.)

ஆ) எனிட்டும் ராசலினும் கடற்கரை ஊர் ஒன்றில் சந்தித்து, கட்டிப்பிடித்து— (சீ.)

இ) எனிட்டே கேட்ட முடிவு இது. கதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் வந்து கதவைத் தட்டினாள். "ஒரே ஒரு வரி மாத்துங்க. அவர் கேக்கும்போது நான் 'பொருந்துது சார்'னு சொல்லிடறேன். அவ டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போறா. உங்க கதைதானே, உங்களால முடியாதா?"

முடியும். எழுதினேன். நன்றாகவே வந்தது. அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன். அவள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பொருந்துது சார்" என்ற வரி வந்ததும் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. உறை கழன்றதை நான் பாத்துட்டேன். பாத்துட்டு நான் எப்படிப் பேசாம இருப்பேன்? அது நான் இல்லையே." கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஆனாலும் குரல் தொழில்காரியின் குரலாகவே இருந்தது. "பொருந்தல. மறுபடியும் எழுதுங்க."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. லாஸ்கோம் கேட்டாகிவிட்டது. ராசலின் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோட்டு இப்போது உங்கள் மடியில் இருக்கிறது.

"_______ சார்."