சிங்கங்கள் ஒரு ஆட்டமாவது ஜெயித்திருக்கலாம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மான்ட்ரியலின் ஜான்-டலோன் சந்தையில், தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது. கடையில் நிற்கும் கிறிஸ்தோப்பர் எங்கள் கட்டடத்துக்காரர். நான் கீழ்த்தளம், அவர் இரண்டாம் மாடி, அவருடைய அக்கா செல்வமலர் மூன்றாம் மாடி.

"நீங்கள் கதை எழுதுற ஆளாம். என்ரையை எழுதுங்கோவன். பேரை மட்டும் மாத்திப்போடுங்கோ" என்றார்.

மாற்றிவிட்டேன். முதல் வரைவில் அவரை 'அவன்' என்று எழுதியிருந்தேன். பை கட்டும்போது நாலு தக்காளி சும்மா போட்டார். இனி கதை முழுக்க 'அவர்'தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் மேப்பிள் இலைகள் சிவந்து' — வேண்டாம். மான்ட்ரியல் கதை என்றாலே இலை உதிர்ந்தாக வேண்டுமா என்ன?

இரண்டாவது முயற்சி: 'டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணி அந்த வருடம் பதினாறு ஆட்டம் ஆடிப் பதினாறிலும் தோற்றது.' இது நான் கட்டியதல்ல, நடந்தது. ஆனால் இப்படிப் போட்டு உடைத்துவிட்டால் யார் மேலே படிப்பார்கள்? சரி, உடைத்தாகிவிட்டது, இருக்கட்டும்.

(இது காலால் உதைக்கும் நம் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எருமை போன்ற பத்துப்பேர் அவன்மேல் விழும் ஆட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

3

மன்னாரிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில், மாதா கோயிலில் இலவச உடுப்புப் பெட்டிக்குள் கையை விட்ட கிறிஸ்தோப்பருக்கு ஒரு கம்பளித் தொப்பி கிடைத்தது. நீலம், முன்னால் ஒரு சிங்கம். காது விறைத்துப் போயிருந்த மனிதருக்கு அது யாருடைய சிங்கம் என்று ஆராய நேரமில்லை. பிறகு டிவியில் அதே சிங்கத்தோடு ஆட்கள் ஓடுவதைப் பார்த்ததும், 'அட, எங்கட ஆக்கள்' என்று ஒட்டிக்கொண்டார். உள்ளூரிலேயே நன்றாக ஆடும் அணி ஒன்று இருந்தது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்தச் செப்டம்பரில் அக்கா மகள் ஜெசிக்காவின் பிறந்தநாள். வீடு நிறையச் சனம். லயன்ஸ் அப்போது இரண்டு ஆட்டம் தோற்றிருந்தார்கள். கிறிஸ்தோப்பர் தொப்பியோடு உள்ளே நுழைய, அக்காவின் கணவர் அருமைராசா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஆரம்பித்தார்.

"போயும் போயும் சிங்கத்துக்கே மச்சான் கொடி பிடிக்கிறாய்? அங்க சனத்தை அடிச்சுக் கலைக்கிறது காணாதெண்டு, இஞ்ச தலையில வேற தூக்கி வச்சிருக்கிறாய்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிங்கம் வாளோடு நிற்பது இலங்கைக் கொடியில் என்று, கதையைக் கேட்ட சென்னைக்காரியான எனக்குத்தான் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்தோப்பருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? போரில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த சித்தி குடும்பம் எங்கே என்று தெரியாமல் போனைக் கையில் பிடித்தபடி அலைந்துகொண்டிருந்த மாதம் அது. அவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"அத்தான், இவங்கள் ஒரு ஆட்டம் வெல்லட்டும். அண்டைக்குத்தான் இனி உங்கட வாசற்படி மிதிப்பன். அந்தோனியார் மேல ஆணை!"

கேக் வெட்டுமுன்பே இறங்கிப் போய்விட்டார்.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு கோபம் வந்தவர் 'இனிச் செத்தாலும் வரமாட்டன்' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சந்தைக்குப் போய்க் கேட்டேன்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "ஒரு கிழமை, மிஞ்சினால் ரெண்டு கிழமை எண்டு நினைச்சன் தங்கச்சி. எந்த டீம்தான் ஒண்டும் வெல்லாமல் இருக்கும்? அக்காவைப் பாக்காமல் நான் இருப்பனே?"

பாருங்கள்! திரும்பி வரும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் மனிதர் கோபித்திருக்கிறார். ஆனால் வழியை ஒப்படைத்தது யாரிடம்?

அக்டோபரில் ஓர் ஆட்டம். லயன்ஸ்காரன் ஒருவன் பந்தோடு ஓடி ஓடித் தன் பக்கத்துக் கடைசிக் கோட்டையே தாண்டி வெளியே போய்விட்டான். அதற்காக எதிரிக்கு இரண்டு புள்ளி. தோற்றதும் அதே இரண்டு புள்ளியால். கிறிஸ்தோப்பர் டிவி முன்னால் முழங்காலில் நின்று, "டேய், உது கோடடா, கோடு!" என்று கத்தினார். கீழே என் வீட்டுக்கே கேட்டது. (கேட்டது என்று இப்போது சேர்த்திருக்கிறேன். உண்மையில் அன்று நான் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் இருந்தேன்.) நவம்பரில் அமெரிக்கர்களின் நன்றி செலுத்தும் நாளன்று நாற்பத்தேழுக்குப் பத்து. அதைப்பற்றி எழுத அவர் என்னை விடவில்லை.

படிக்கட்டில் அக்காவைக் கண்டால் இருவரும் கதைப்பார்கள். அக்கா பொரித்த மீனைக் கிண்ணத்தில் வைத்து நீட்டுவார், இவர் வாங்குவார். ஆனால் மேலே மட்டும் ஏறமாட்டார். நத்தாருக்கும், அதாவது கிறிஸ்துமஸுக்கும், ஏறவில்லை. தலைக்குமேல் எல்லோரும் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக வெறும் பாண் ரொட்டி தின்றார் என்பதைச் சொல்லும்போது, தக்காளிப் பெட்டியை அவசியமில்லாமல் இரண்டு தடவை அடுக்கினார்.

5

இதற்குள் ஜெசிக்காவுக்குக் கலியாணம் பொருந்தி, தைப் பிறப்புக்கு முன்னே மோதிரம் மாற்றுவது என்று பேச்சாகியது.

"தாய்மாமன் இருக்காமல் மோதிரம் மாத்தேலாது. உனக்கென்ன விசரே? ஆணையை விட்டுப்போட்டு வா" என்றார் செல்வமலர் படிக்கட்டில்.

"அந்தோனியாரோட விளையாடேலாது அக்கா. இன்னும் ஒரு ஆட்டம் கிடக்குத்தானே. வெல்லுவாங்கள்."

தோற்றால் அடுத்த ஆட்டம் அடுத்த செப்டம்பரில்தான். ஆகவே டிசம்பர் கடைசி ஞாயிறு, கடைசி ஆட்டம். ஒரு மனிதர் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும், ஒரு பெண்ணுக்கு மாமா வேண்டும். அதற்காக யாரோ பதினொரு அமெரிக்கர் பனிக்குளிரில் ஓடவேண்டும்.

எழுத்தாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு என்ன பிரயோசனம், இந்த ஓர் ஆட்டத்தை ஜெயிக்கவைத்துவிடலாமே என்று எனக்குக் கை அரித்தது. எழுதியும் பார்த்தேன்: 'கடைசி நிமிடத்தில் பந்து காற்றில் எழும்பி' — அடித்துவிட்டேன். யாராவது தேடிப் பார்த்துவிட்டு என் முகத்தில் காறித் துப்புவார்கள்.

ஒரு கட்டத்தில் சமமாகவே நின்றார்கள். கிறிஸ்தோப்பர் செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு வழக்கம்போல எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு பிய்த்துக்கொண்டு போனான். முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்று.

அழுதிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். "இல்லைத் தங்கச்சி" என்றார் அவர். "அப்பாடா எண்டு இருந்துது. இனித் தோக்க அவங்களிட்ட ஆட்டம் இல்லை. நெஞ்சில இருந்து மூட்டை இறங்கின மாதிரி."

அந்த நிம்மதியோடு டிவியை அணைத்தார். அணைத்த பிறகுதான் ஜெசிக்கா ஞாபகம் வந்தது.

6

கதவை யாரோ தட்டினார்கள். திறந்தார். அருமைராசா. முகம் சிவந்து, கையில் ஒரு பெரிய மரக் கதிரை (என் ஊரில் நாற்காலி).

"கண்டறியாத டீம்!" என்று அவர் வெளியே நின்றே வெடித்தார். "சமனா நிண்டவங்கள்! அவன் ஒருத்தன் தனிய ஓடுறான், பிடிக்க ஒருத்தன் இல்லை! அக்டோபரில அந்த மடையன் கோட்டுக்கு வெளிய போகாமல் இருந்திருந்தால் அண்டைக்கே வெண்டிருப்பாங்கள்! அண்டைக்குப் பிறகு பதினாலும் பாத்தனான் மச்சான், பதினாலும்!"



பின்னால் செல்வமலரின் குரல்: "தம்பி, உன்ர ஆணை அப்பிடியே கிடக்கட்டும். நீ எங்கட வாசற்படி மிதிக்கவேண்டாம். நாங்கள் உன்ரையை மிதிக்கிறம். மோதிரம் இஞ்சதான் மாத்துறம். உன்னட்டைக் கதிரை காணாதெண்டுதான் இவர் கொண்டு வந்தவர்."

கிறிஸ்தோப்பர் கதவை முழுக்கத் திறந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம். இதை அவர் சொல்லும்போதும் வந்தது. அக்கா உள்ளே வந்துவிட்டார். இன்னும் வெளியே நின்ற அத்தானிடம் கிறிஸ்தோப்பர் கேட்டார்:

"நீங்கள் ஏன் அத்தான் பாத்தனீங்கள்? உங்களுக்கு அந்தச் சிங்கத்தைக் கண்ணில காட்டேலாதே?"

பதிலுக்கு மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) "சும்மாதான். டிவியில வேற ஒண்டும் இல்லை."

ஆ) "உன்ர அக்கா பாக்கச் சொன்னவ."

இ) "அண்டைக்கு நான் சொன்னது" — இதை முடிக்காமல் விட்டுவிட்டேன். அருமைராசா முடிக்கக்கூடிய வாக்கியம் இல்லை அது.

என்ன சொன்னார் என்று கிறிஸ்தோப்பர் என்னிடம் சொன்னார். எழுதமாட்டேன், அது அவர்கள் இருவருக்கும் இடையில் இருக்கட்டும். ஆனால் உங்களுக்கும் தெரியும், இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குத் தெரியாமல் போகுமா? ஆகவே நீங்களே சொல்லி அந்த மனிதரை உள்ளே கூட்டி வாருங்கள். கதிரையோடு வாசலில் நிற்கிறார், கை வலிக்கும்.