ஏழு வாபஸ் கடிதங்களும் ஒரு புகாரும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சுற்றும்போது டக் டக் என்று சத்தம் போடும் ஒரு மின்விசிறிக்கும், சத்தமே போடாத ஆனால் சுற்றவும் செய்யாத இன்னொரு மின்விசிறிக்கும் நடுவில், என்னுடைய ஏழாவது வாபஸ் கடிதத்தை எழுதி அனுப்பினேன்.

மின்விசிறிதான் எனக்குச் சோறு போடுகிறது. அதைச் செய்யும் கம்பெனியில் குறைதீர்ப்புப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். புகார் வரும், பதில் எழுதுவேன். மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருக்க வேண்டும், கம்பெனி தப்பு செய்ததாக ஒப்புக்கொண்ட மாதிரியும் இருக்கக் கூடாது. அந்த வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. தாம்தூம் என்று குதித்து எழுதியவர்கள்கூட என் பதிலைப் படித்துவிட்டு, "பரவாயில்லம்மா, அந்தச் சத்தம் எங்களுக்கும் பழகிப்போச்சு" என்று போன் செய்திருக்கிறார்கள். இதில் தற்பெருமை ஒன்றுமில்லை. வருத்தம் தெரிவிப்பதில் நான் கெட்டிக்காரி, அவ்வளவுதான்.

வாபஸ் கடிதம் என் சொந்த சமாச்சாரம். நான் கதை எழுதுவேன். இரண்டு மாதம், மூன்று மாதம் உட்கார்ந்து ஒன்றை முடித்து, ஒரு காலாண்டிதழுக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். அனுப்பிய அன்றைக்குத் தலைகால் புரியாது. பாத்திரம் கழுவும்போது பாட்டு வரும். மறுநாள் விடிந்ததும் ஆரம்பிக்கும். பல் தேய்க்கும்போது கதையில் ஒரு வரி ஞாபகம் வரும், அசட்டுத்தனமாகத் தெரியும். பேருந்தில் ஏறி உட்காருவதற்குள் அந்தப் பத்தியே அசடாகிவிடும். அலுவலகப் படி ஏறும்போது முழுக் கதையையும் யாராவது படிப்பதற்குள் எங்காவது புதைத்துவிட வேண்டும் என்றிருக்கும். பதினொரு மணிக்கு எழுதிவிடுவேன்: 'மதிப்பிற்குரிய ஐயா, நேற்று அனுப்பிய கதையைத் தயவுசெய்து பரிசீலிக்க வேண்டாம்.' அதோடு விட்டேனா என்றால் இல்லை. ஏன் வேண்டாம் என்று அரைப் பக்கம் காரணமும் சொல்வேன். கதைக்கு மூன்று மாதம், கடிதத்துக்கு இருபது நிமிடம். கடிதத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

என் கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். மூன்று வருடத்தில் ஏழு தடவை பார்த்துவிட்டதால் அவருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "அனுப்பியாச்சா?" என்பார். "ம்" என்பேன். "அப்ப நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல உனக்குப் போன் பண்றேன். அதுக்கு முன்னால நீ மனுஷியாவே இருக்க மாட்டே." ஒரு தடவை மட்டும் கேலி இல்லாமல் கேட்டார். "எங்க கடைக்கு வர்றவங்க எழுத்து தெரியலன்னு கண்ணாடி கேக்கறாங்க. நீ எழுதினது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இந்தப் பாடு படறியே, ஏம்மா?" அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஏழாவது கதை, வாடகை வீட்டைக் காலி செய்யும் ஒரு கணவன் மனைவியைப் பற்றியது. வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் ஆணி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இருவரும் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்குகிறார்கள். இது நாள்காட்டிக்கு அடித்தது, இது நீ கோபித்துக்கொண்டு உன் சட்டையைத் தனியாக மாட்ட அடித்தது, இப்படி. கடைசியாக ஓர் ஆணி. அதை யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. எழுதி முடித்த அன்று அந்த இடத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். மறுநாள் கடிதத்தில் எழுதினேன்: 'குறிப்பாக, அந்தக் கடைசி ஆணி வலிந்து அடிக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சுவரிலும் நிற்காது. நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறேன்.'

வியாழக்கிழமை மதியம், சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு முன்மேசைக்கு வந்தால், ஒரு பெண் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். முப்பது வயதுகூட இருக்காது.

"ஒரு புகார் குடுக்கணும் மேடம்."

படிவத்தை எடுத்தேன். "என்ன மாடல்?"

"மாடல் தெரியலங்க. மொத்தம் ஏழு."

"ஏழுமே ரிப்பேரா?"

"ரிப்பேர்லாம் இல்ல. குடுத்துட்டு மறுநாளே திருப்பி வாங்கிக்கறாங்க."

"யாரு, கடைக்காரரா?"

"செஞ்சவங்களே."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். என் கடிதம். அடியில், நான் எழுதாத நான்கு வரிகள். வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, கட்டடம், தளம், 'தங்கள் குறைகளை வேலை நாட்களில் நேரிலும் தெரிவிக்கலாம். பதினைந்து வேலை நாட்களுக்குள் தீர்வு காணப்படும்.' அலுவலக மின்னஞ்சலில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வரிகள் அவை. செவ்வாய்க்கிழமை அவசரத்தில் என் சொந்தக் கணக்குக்குப் போகாமல் திறந்திருந்த அலுவலகக் கணக்கிலேயே அடித்து அனுப்பியிருக்கிறேன். காது இரண்டும் சுட்டது. மூன்று வருடமாக மதிப்பிற்குரிய ஐயா, ஐயா என்று எழுதிக்கொண்டிருந்தேனே, அந்த ஐயா என் தங்கை வயதில் எதிரே நின்று சிரிக்கிறாள்.

பார்வையாளர் நாற்காலியில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன்.

"அடுத்த இதழ்ல நாலு பக்கம் இருக்கு," என்றாள். "இந்த ஏழு கடிதத்தையும் அப்படியே போட்டுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன். நாங்க மொத்தம் மூணு பேர்தான் பத்திரிகை நடத்தறோம். மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் உச்சி குளிர்ந்துவிட்டது. என் எழுத்தைப் படித்து முன்பின் தெரியாத மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். கடிதத்தைப் போட்டால் பயமும் இல்லை. என்னை நானே முதலில் அடித்துக்கொண்டால் அடுத்தவர் கை ஓங்க மாட்டார். 'நல்ல தமாஷான அம்மா' என்று பெயர் கிடைக்கும். அப்புறம் ஆயுசுக்கும் தமாஷான அம்மாவாகவே இருந்துவிடலாம்.

"கதைங்க எப்படி இருந்துது?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கதைங்களா? சுமார்தான்."

"எது சுமார்?"

"இப்ப இந்த ஆணிக் கதையே எடுத்துக்குங்களேன்..."

"ஆணிக் கதையில என்ன சுமார்?" எதிர்மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தக் கடைசி ஆணியப் படிச்சீங்களா நீங்க? அதுக்கு நான் பதினோரு நாள் உக்காந்தேன். ரெண்டு பேரும் அந்தச் சுவர் முன்னால பேசாம நிக்கறாங்களே, அது சுமாரா?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க, எந்தச் சுவத்துலயும் நிக்காதுன்னு?"

"நான் சொல்வேன். அதுக்காக நீங்களும் சொல்லிடறதா?"

சொல்லிவிட்டு நானே திகைத்துப்போனேன். இந்தக் கோபம் இத்தனை வருடமாக எங்கே இருந்தது? ஊரான் வீட்டு மின்விசிறிக்காக வாதாடுகிற வாய், என் கதைக்காக ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. பத்திரிகை ஆசிரியை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"நான் முடிவைச் சொல்ல வரலக்கா," என்றாள். மேடமாக இருந்த நான் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. "முடிவு நல்லாயிருக்கு. முதல் ரெண்டு பக்கம்தான் வளவளன்னு போகுது. பதினாலு ஆணி. ஒண்ணொண்ணுக்கும் கதை. எனக்குக் கை வலிச்சுப்போச்சு. இன்னொண்ணு சொல்லவா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ஏழு கடிதத்துலயும் நீங்க குத்தம் சொல்ற இடம்தான், அந்தந்தக் கதையிலயே நல்ல இடம். ஒரு தடவைகூடத் தப்பல. நிஜமாவே வளவளன்னு இருக்கற இடத்தைப் பத்தி மூச்சே விடறதில்ல. எதைப் படிக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்காகவே நான் முதல்ல கடிதத்தைப் படிச்சிட்டுத்தான் கதையைத் திறப்பேன்."

மேசைமேல் இருந்த ரப்பர் முத்திரையை நகர்த்தி வைத்தேன். பிடித்தது எதுவோ அதில்தான் பயமும் உட்கார்ந்திருக்கிறது போலிருக்கிறது. வளவளப்பைப் பற்றி எனக்கென்ன பயம், அது யாருக்கும் என்னைக் காட்டிக்கொடுக்காது.

"நாலு பக்கத்துக்குக் கடிதம் வேணுமா, ஆணி வேணுமா, நீங்களே சொல்லுங்க," என்றாள். "ஆணின்னா திங்கக்கிழமைக்குள்ள திருத்தி அனுப்பணும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அச்சுக்குப் போயிடும்."

"ஆணி," என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவையும் சொன்னேன்.

போகும்போது, புகாரைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி ஒப்புகை எண் வாங்கிக்கொண்டுதான் போனாள். அதைக் கைப்பேசியில் படம் வேறு பிடித்துக்கொண்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆணி பிடுங்கினேன். பதினாலு ஆணி நாலு ஆனது. கணவர் ஒவ்வொன்றுக்கும் துக்கம் விசாரித்தார். "குடை மாட்டற ஆணியும் போச்சா? அது நல்ல ஆணியாச்சே." "போச்சு." "என் அம்மா படம்?" "அது இருக்கு." "அப்பாடா." திங்கட்கிழமை சாயங்காலம் அனுப்பினேன். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது பாட்டு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போது வழக்கம்போல் ஒரு வரி அசட்டுத்தனமாகத் தெரிந்தது. ஒரு தடவை அவமானப்பட்டால் மனசு திருந்திவிடும் என்று யார் சொன்னது? பதினொரு மணிக்கு விரல்கள் தாமாகவே 'மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு' என்று ஆரம்பித்தன. மரியாதையில் மட்டும் முன்னேற்றம். மூன்று பத்தி எழுதினேன். நல்ல பத்திகள். அந்த இருவரும் பேசாமல் நிற்கும் இடம் வெறும் பாசாங்கு, எடுத்துவிட்டால் தேவலை, முழுக் கதையையே எடுத்துவிட்டால் இன்னும் தேவலை என்று எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்க ஒரு தடவை படித்தேன். அது என் தொழில்புத்தி.

இரண்டாவது பத்தியில் நின்றுவிட்டேன். எந்த இடத்தைக் குறைசொல்லியிருக்கிறேன்? பேசாமல் நிற்கும் இடத்தை. அப்படியென்றால் அந்த இடம் சரியாக வந்திருக்கிறது. ஏழு தடவையும் தப்பாதது எட்டாவது தடவை மட்டும் தப்புமா என்ன? மிச்சக் கடிதத்தையும் படித்தேன். வளவளப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. இருக்கிற பயமெல்லாம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்தது. கடிதத்தை அழித்துவிட்டு, குளியலறை மின்விசிறியில் பல்லி சிக்கிக்கொண்டதாகப் புகார் கொடுத்தவருக்கு மனதார ஒரு பதில் எழுதினேன். பன்னிரண்டரைக்குக் கணவர் போன் செய்தார். "என்ன, மனுஷியா?" என்றார். "பாதி," என்றேன்.

ஐந்து வாரம் கழித்து இதழ் தபாலில் வந்தது. வீட்டில் பிரிக்கத் தைரியமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்தில் நீலச் சீருடை போட்ட பெண் ஒருத்தி, ஏதோ கட்டடத்தில் காவல் வேலை பார்ப்பவள் போலிருந்தது, கால்களுக்கு நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் என் கதை இருந்த பக்கத்தைத் திறந்தேன். அச்சில் என் வரிகள் என்னைவிட நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றன. இரண்டாவது பத்தியிலேயே ஒரு வார்த்தை உறுத்தியது. ஐயோ, இதைப் போய் எழுதினேனே என்று இதழை மூடப்போனேன்.

"இருங்க, மூடிடாதீங்க," என்றாள் பக்கத்துப் பெண். அப்புறம் வெட்கப்பட்டாள். "சும்மா ஓரக்கண்ணால படிச்சிட்டிருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மூடவில்லை. அவள் உதடு அசைய அசைய மெதுவாகப் படித்தாள். நான் படிப்பதை விட்டுவிட்டு அவள் உதட்டையே பார்த்தேன். நான் துக்கம் என்று நினைத்து எழுதிய ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்," என்றாள், என்னிடமா தனக்கா தெரியவில்லை.

"திருப்பட்டுமா?"

"ரெண்டு வரி இருக்கு."

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது வண்டி என் நிறுத்தத்தில் நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். எதிரே எங்கள் அலுவலக வாசல் தெரிந்தது. அந்தப் பெண் பக்கத்தின் பாதியில் இருந்தாள். அசைந்துகொண்டிருந்த உதடு நின்றிருந்தது, கண் மட்டும் நகர்ந்தது. ஜன்னல் வெயில் தாளில் விழுந்து கூசியதால் இதழை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்த்து, இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். பேருந்து கிளம்பியது.