கொடும்பாவியின் சட்டை

வெள்ளானூரில் அந்த வருஷம் ஏரி வெடித்துக் கிடந்தது. ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. கஜபதியின் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதையும் அவன் சும்மா விடவில்லை. கிணற்றுக்குள்ளேயே ஆழமாகத் துளை போட்டு, பெரிய மோட்டார் இறக்கி, ஆவடிப் பக்கம் எழும்புகிற புதுக் கட்டடங்களுக்கு லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தான். புண்ணியவான்.

அடுத்த கொல்லை எல்லம்மாவுடையது. கீரை போட்டுப் பிழைக்கிறவள். இவன் மோட்டார் ஓட ஓட அவள் கிணறு வற்றிக்கொண்டே போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து கேட்டாள்.

"நைனா, ஒருநாள் உட்டு ஒருநாள் ஓட்டேன். எங் கெணத்துல கொஞ்சம் ஊறிக்கும். கீரை கருகிகினு கீது."

கஜபதிக்கு வாய்க்கா பஞ்சம்? "இன்னாக்கா நீ! உலகமே சூடாயிகினு வருதாம், ரேடியோவுல சொல்றான். நான் ஒருத்தன் மோட்டாரை நிறுத்தி இன்னா ஆவப்போவுது? மழ வந்தா எல்லாம் சரியாப்பூடும்."

மழைக்காகக் கொடும்பாவி இழுப்பதென்று ஊர் கூடி முடிவு செய்தது. வைக்கோலில் ஆள் கட்டி, ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, பிணம் போலத் தெருத் தெருவாக இழுப்பார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். கடைசியில் ஏரிக்கரையில் கொளுத்துவார்கள். பாவி ஒழிந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. கஜபதி முதல் ஆளாக வைக்கோல் கொடுத்தான். பொம்மைக்கு உடுப்புக் கேட்டு ஊர்க்காரர்கள் வந்தபோது, லாரிக்குக் குழாய் மாட்டிக்கொண்டே, "கிழிஞ்சது எதுனா குடு" என்று மனைவி பார்வதத்திடம் சொன்னான். அவளும் பழந்துணி மூட்டையில் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் கொடும்பாவி அவன் வாசலுக்கு வந்தது. உடம்பில் பெரிய பெரிய பூப்போட்ட மஞ்சள் சட்டை. ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அவன் மினுக்கிக்கொண்டு போன சட்டை; அதைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை.

"அட, நம்ம கஜபதி அண்ணாத்தே!" என்று கூட்டத்தில் யாரோ கத்தவும் சிரிப்பு கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் அடங்கியும் போனது. எல்லார் பார்வையும் பொம்மையிலிருந்து அவன் மேல் வந்து, அவனுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த மோட்டாருக்குப் போனது. கஜபதிக்கு உடம்பெல்லாம் கூசியது.

எல்லம்மாதான் முன்னால் வந்தாள். "இத்தக் கழட்டுங்கடி. உசுரோட கீறவன் சட்டை. புள்ளகுட்டிக்காரன், பாவம்." தானே கழற்றி, தூசி தட்டி, மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டு திட்டியிருப்பான். அதுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை. இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான்.

"இன்னாண்ணே, பாதிதான் ரொம்பிச்சு" என்றான் லாரிக்காரன்.

"போதும், போ."

கொளுத்திவிட்டு வருகிறவர்கள், சாவுக்குப் போய் வந்த மாதிரி, தலைமுழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. அதற்குத் தண்ணீர் யாரிடம் இருக்கிறது? கஜபதி அண்டா குண்டான் எல்லாவற்றையும் நிரப்பி வாசலில் வைத்துக் காத்திருந்தான். பெண்கள் திரும்பி வந்தார்கள்.

"வாங்க, இங்கயே முழுவிட்டுப் போங்க" என்றான்.

யாரும் கோபப்படவில்லை. "இருக்கட்டும்பா" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார்கள். அவரவர் வாசலில் செம்பிலிருந்து ஒரு கை நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு உள்ளே போனார்கள். எல்லம்மாவும் அப்படித்தான் போனாள்.

கடைசியாகப் பார்வதம் வந்தாள். அவன் வாளியைத் தூக்கி நீட்டினான். அவள் அதில் ஒரு கை மட்டும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து லாரி வராது" என்றான் மெதுவாக.

"எங்கிட்ட ஏன் சொல்ற? அந்த ஊட்ல போயி சொல்லு." அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வீடு கூப்பிடு தூரம்தான். கஜபதி தெருவில் இறங்கினான். எல்லம்மா வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். எந்த முகத்தோடு போய் நிற்பது? வாளியும் கையுமாகத் திரும்பித் தன் வாசலுக்கே வந்துவிட்டான்.