கவாத்துக் கத்தி

அத்தாயி மூட்டைக்குள் கையை விட்டது உப்புப் பொட்டலத்துக்காக. தட்டுப்பட்டது ஒரு கத்தி. வெளியே எடுத்து, விடிகிற வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சாண் நீளம்தான் இருக்கும். அலகு கிளிமூக்கு மாதிரி உள்பக்கமாக வளைந்திருந்தது. சாணை பிடித்த கோடுகள்கூட இன்னும் அழியவில்லை. அவள் புருசன் சடையன் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லில் நின்று குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஜேடர்பாளையத்துக்குக் கீழே, காவிரியின் நடுவில் இருந்த அந்தத் திட்டுக்கு அவர்கள் வந்து இது மூன்றாம் நாள். வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கட்டக் கோரை வேண்டும். அதற்காகப் பரமத்தி வேலூர்க் கொடிக்கால்காரர்கள் வருசா வருசம் ஆனி மாதத்தில், ஆற்றில் புதுத்தண்ணீர் வருவதற்கு முன்னால் இவர்களை அனுப்புவார்கள். பரிசல்காரன் இறக்கி விட்டுவிட்டு ஐந்தாம் நாள் வந்து கோரைக்கட்டுகளோடு ஏற்றிக்கொள்வான். அதுவரை நாலு மூங்கிலை நட்டு நாணலால் மூடிய குடிசையில் சமையல், தூக்கம் எல்லாம். கையில் ஒரு கொடுவாள் இருந்தால் போதும். கோரை அறுக்க, மூங்கில் வெட்ட, விறகு பிளக்க, மீன் செதில் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் கொடுவாளைப் பரமத்திச் சந்தையில் அரைநாள் நின்று தேர்ந்தெடுத்தவள் அத்தாயி. முதுகுப்புறத்தை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பாள். பிடிக்கு மேலே ஒரு விரலில் நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். சுற்றுப்பட்டு ஊர்களில் கத்தி வாங்கப் போகிறவர்கள் அவளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஆண்களே கூப்பிட்டார்கள்.

சடையன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி திரும்பினான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இது ஏதுங்க?"

"சும்மா. ஒருத்தரு குடுத்தாரு."

"இதுல கோரை அறுக்க முடியாது. மூங்கிலும் வெட்ட முடியாது. இந்த வளைவப் பாத்தா, எதையோ மாட்டி இழுத்து அறுக்கறதுக்குன்னே அடிச்சிருக்குது. எதுக்குங்க?"

கத்தியைப் பற்றி அவளிடம் பொய் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"தேயிலைச் செடியக் கழிச்சு விட்டுக் கவாத்துப் பண்றதுக்கு. தோட்டத்துக்கு ஆள் சேக்கற கங்காணி குடுத்தாரு. வெள்ளிக்கெழம கொடுமுடியில ரயிலேறோணும். ஆனமலைக்கு."

"நானு?"

"எட்டு வருசமா எனக்கு இந்த ஊர்ல பேரே கெடையாது, அத்தாயி. அத்தாயி புருசன். கொடிக்கால்ல, சந்தையில, எங்க போனாலும் அதேதான். நீ ஒண்ணும் பண்ணல. நான் உன்னயக் குத்தஞ் சொல்லல. அங்க போனா என்னய யாருக்குந் தெரியாது. அவ்வளவுதான்."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எட்டு வருசத்தில் அவனை ஒரு தடவையாவது மட்டமாகப் பேசியிருக்கிறோமா என்று யோசித்தாள். நினைவு வரவில்லை. தான் பேசாமலே அவன் மட்டமாகிவிட்டானோ என்றும் தோன்றியது. அப்போதுதான் அவன் கால்களுக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்தாள். அவன் முகம் கழுவக் குனிந்த கல்லைக் காணவில்லை. அந்த இடத்தில் செம்மண் நிறத்தில் நுரை சுழன்றுகொண்டிருந்தது.

மேட்டூரில் அணைக்கு அப்போதுதான் மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மலையில் மழை பெய்தால் ஆற்றை நிறுத்த வழியில் ஒன்றும் கிடையாது.

சடையன் ஓடிப்போய்த் திட்டின் மேல்முனையில் நின்று பார்த்தான். ஆறு முழுவதும் பழுப்பாக இருந்தது. மரக்கிளைகள், கூரை ஓலைகள், ஒரு கன்றுக்குட்டி எல்லாம் வந்துகொண்டிருந்தன. அவன் பார்வை கொடுமுடி இருக்கிற கோயமுத்தூர் ஜில்லாக் கரைப் பக்கம் போனது. அங்கே ஆறு கொஞ்சம் குறுகல். அவனுக்கு நீச்சல் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவன் கண்ணால் அந்தத் தூரத்தை அளப்பதை அத்தாயி பார்த்தாள். ஒரு தடவை அளந்தான். மறுபடியும் அளந்தான். போகாதே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், இவன் இருப்பது தான் கேட்டதற்காகவா, அவனாகவே இருந்தானா என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

சடையன் திரும்பி வந்து முதல் கோரைக்கட்டைத் தூக்கினான்.

"குடிசை மூங்கிலப் புடுங்கு. தெப்பங் கட்டலாம்."

அவள் கொடுவாளால் மூங்கிலை இரண்டிரண்டாகத் தறித்தாள். இரண்டு நாள் அறுத்த கோரை இருபது கட்டு இருந்தது. அவற்றை வரிசையாகப் போட்டு, மேலும் கீழும் மூங்கிலை வைத்து, முறுக்கிய கோரைக் கயிற்றால் இறுக்கினார்கள். அவன் முடிச்சைக் காலால் மிதித்து இழுக்க, அவள் கயிற்றின் மிச்ச வாலை நறுக்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. கடைசிக் கட்டைக் கட்டும்போது முழங்கால். அடுப்பு மூழ்கியது. மூட்டை மிதந்து போனது. போகும்போது சடையன் எட்டிப் பிடித்தான். முடிச்சு அவிழ்ந்து, அவள் திருப்பிப் போட்டிருந்த கவாத்துக் கத்தி மட்டும் கையோடு வந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டான்.

தெப்பம் தானாகவே கிளம்பிவிட்டது. இருவரும் குப்புற விழுந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்கள். கொடுவாளை அவள் மேல்கட்டில் ஆழமாகக் குத்தி வைத்திருந்தாள். கரைகள் ஓடின. எந்தக் கரை எது என்பதே கொஞ்ச நேரத்தில் குழம்பிப் போனது.

வேரோடு பெயர்ந்த ஒரு புளியமரம் பின்னாலிருந்து வந்து இடித்தது. இடித்த வேகத்தில் கொடுவாள் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. மரத்தின் கிளை ஒன்று தெப்பத்துக்கு அடியில் புகுந்து கயிற்றில் மாட்டிக்கொண்டது. மரம் உருண்டது. அது உருள உருளத் தெப்பத்தின் ஒரு பக்கம் தண்ணீருக்குள் இறங்கியது. அத்தாயியின் தோள் வரைக்கும் நனைந்தது. அடுத்த உருட்டில் அவள் முழுக உள்ளே போய்விடுவாள்.

"கெட்டியாப் புடிச்சுக்க," என்று சொல்லிவிட்டுச் சடையன் இடுப்பிலிருந்து கத்தியை உருவிக்கொண்டு அடியில் போனான்.

அவளுக்கு அவன் தெரியவில்லை. மூங்கில் வழியாக அதிர்வு மட்டும் கைக்கு வந்தது. இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. தண்ணீருக்குள் கொடுவாளை ஓங்க முடியாது. அந்த வளைந்த அலகைக் கிளையில் மாட்டி, உடம்பு பாரத்தைப் போட்டு அவன் இழுக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அதிர்வு நின்றது. எண்ண ஆரம்பித்தாள். பதினாறு வரை எண்ணியதும் மறுபடி ஓர் இழுப்பு வந்தது. படீரென்று கிளை முறிந்தது. தெப்பம் மேலே துள்ளி, மரத்தை விட்டு விலகி ஓடியது.

சடையன் மரத்தோடு நின்றுவிட்டான். ஒரு கையில் கத்தி, ஒரு கை வேரில். இடைவெளி ஓர் ஆள் நீளமானது. அத்தாயி தெப்பத்தின் மேல் மூங்கில் ஒன்றை உருவி, மண்டியிட்டு அவன் பக்கம் நீட்டினாள். ஒரு கையால் எட்டிப் பிடித்தான். வழுக்கியது.

"ரெண்டு கையுங் குடு! சடையா!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் கத்தியை விட்டான். வேரையும் விட்டான். இரண்டு கையாலும் மூங்கிலைப் பற்றினான். அவள் இழுத்தாள்.

பொழுது உச்சிக்கு ஏறும்போது தெப்பம் ஒரு வளைவில் கரையோரப் புதரில் ஒதுங்கியது. கரும்புத் தோட்டத்துக்காரர் ஒருவர் இறங்கி வந்து இருவரையும் மேலே தூக்கிவிட்டார். இது கோயமுத்தூர் ஜில்லா என்றார். "தண்ணி வடிய பத்து நாளாவுஞ் சாமி. அதுவரைக்கும் அந்தப் பக்கம் பரிசல் போவாது. கொடுமுடி இங்கிருந்து மூணு மைலு," என்று சொல்லிவிட்டுக் கூழ் கொண்டுவரப் போனார்.

சடையன் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அத்தாயி முந்தானையில் கிழித்து அதைச் சுற்றினாள்.

"காலையிலேயே நீந்திப் போயிருக்கலாமில்லீங்க."

"ஆமா."

"ஏன் போவல?"

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "தெரீல," என்றான். பிறகு, "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றான்.

மேட்டில் நின்று பார்த்தால் அக்கரை தெரிந்தது. பனைமரங்களுக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஆட்கள் ஆற்றோடு நடந்துகொண்டிருந்தார்கள். தேடி வந்த ஊர்க்காரர்களாக இருக்கலாம். வெறுமனே வெள்ளம் பார்க்க வந்தவர்களாகவும் இருக்கலாம். அதில் ஒரு புள்ளி நின்றது. வெள்ளைத் துணி ஒன்று மேலே எழுந்து ஆடியது.

சடையன் கையைத் தூக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால், இங்கே ஒட்டி நிற்பது ஒருத்தரா இரண்டு பேரா என்று தெரியாது. அத்தாயி ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவனை விட்டு நாலடி தள்ளிப் போய்த் தனியாக நின்றாள். இப்போது அக்கரைக்கு இரண்டு புள்ளி தெரியும். துணி ஆடிக்கொண்டே இருந்தது.