கோச் வீட்டு மாடி

என் அப்பாவுக்கு ஒரு பழக்கம். யாராவது மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்வார். கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த அன்று ஓட்டப் பயிற்சி கொடுக்கும் கோச்சைப் பார்த்து, பெண்ணை உங்கள் பொறுப்பில் விடுகிறேன் என்று கையைப் பிடித்தார். பாவம், அந்த மனுஷன் வேறு என்ன சொல்வார்? எங்கள் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான், நான் குடியிருக்கும் இடம் முடிவாகிவிட்டது. குடியிருக்கப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே, அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். மைதானத்தில் கோச் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டேன். ஆனால் பல் தேய்க்கும்போதும் அவர், சாப்பிடும்போதும் அவர் என்றால்? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தோற்றுவிட்டு வரும் நாளை நினைத்தால்தான் ஒத்துவரவில்லை. தோற்றால் சிரித்துக் கைகுலுக்கிவிட்டுப் போகிற ரகம் இல்லை நான். கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையை நாலு குத்து குத்தி, எனக்கு முன்னால் போனவளையும் கோச்சையும் என்னையும் சேர்த்துத் திட்டி, மூக்கு வீங்க அழுதால்தான் மறுநாள் ஷூவைத் தொடவே மனசு வரும். அந்த நேரத்தில் அம்மா என் அறைப் பக்கமே வர மாட்டாள். கோச் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு கோச்சையே எப்படித் திட்டுவது?

நானே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தேன். மைதானத்துக்குப் பின்தெருவில், ஒரு சலவைக் கடைக்கு மேலே. கீழே இஸ்திரி ஓடிக்கொண்டே இருப்பதால் தரை இளஞ்சூடாக இருக்கும். அங்கே ஏற்கெனவே நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அப்பாவோடு போனபோது நைட் டியூட்டி முடிந்து பட்டப்பகலில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். தூங்குமூஞ்சி என்று அந்த நிமிடமே பெயர் வைத்துவிட்டேன். நான் ஓடுகிறவள் என்று கடைக்காரம்மா சொன்னதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அந்த அறை அப்போதே பிடித்துப்போயிற்று. வேறு யாரோ கேட்டிருக்கிறார்களாம், சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லிவிடுங்கள் என்றார் கடைக்காரம்மா. அப்பா செங்குத்தான படிக்கட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கோச்சே கூப்பிடும்போது இந்தப் பொந்து எதற்கு என்றார்.

சண்டை போட்டிருப்பேன். அப்பாவிடம் சண்டை போடுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கல்லூரி அணியை இன்னும் அறிவிக்கவில்லை. முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்று சொல்லி, கோச் அதை மனசில் வைத்துக்கொண்டு என்னைக் கழற்றிவிட்டால்? ஆகவே வாயை மூடிக்கொண்டு அப்பா பின்னாலேயே கோச் வீட்டுக்குப் போனேன்.

கோச்சின் மனைவி அப்பாவுக்கு டீயும் ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட்டும் வைத்தார். எனக்கும் கோச்சுக்கும் வெந்நீர். கோச் அதை ஊதி ஊதிக் குடித்தார், கண் மட்டும் அப்பாவின் தட்டைவிட்டு நகரவில்லை. நான்தான் எதையோ தின்றுவிடப் போகிறேன் என்று காவல் காக்கிறார் என நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு அந்த அக்கா என்னை மட்டும் மாடிக்கு அழைத்துப்போனார். அறையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஜன்னலைத் திறந்தால் மைதானம். குளியலறை வாசலில் எடை பார்க்கும் மெஷின். பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அக்கா உடனே மாடிப்படியில் நின்று, ஜன்னல் திறக்கவில்லை, கொஞ்சம் வாருங்கள் என்று கோச்சைக் கூப்பிட்டார். ஜன்னல் விரியத் திறந்துதான் கிடந்தது.

கோச் மேலே வந்ததும், "எதுவானாலும் அவர்கிட்டயே சொல்லு," என்றார் அக்கா.

சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"சார், எனக்கு இங்க இருக்க வேணாம். கோவிச்சுக்காதீங்க. தோத்துட்டு வந்தா நான் அழணும். உங்களைத் திட்டணும். நீங்க கீழ உட்கார்ந்திருந்தா நான் எப்படித் திட்டுவேன்?"

கோச் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார்.

விஷயம் அக்கா வாயிலிருந்துதான் வந்தது. போன வருடம் அணிப் பையன் ஒருவன் இந்த அறையில் இருந்தானாம். தங்கமான பையன்தான். அதுதான் தொல்லையாகப் போயிற்று. மைதானத்தில் கோச் எதையெல்லாம் சொன்னாரோ அதையெல்லாம் வீட்டிலும் அவரே செய்து காட்ட வேண்டியதாகிவிட்டது. லீவு நாளிலும் விடியுமுன்னே எழுந்தாக வேண்டும். இனிப்பு கூடாது. பிஸ்கட் டப்பாவை பீரோவில் புடவைக்கு நடுவே ஒளித்து வைத்துத் தின்றாராம். என் அப்பா கையைப் பிடித்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து மனுஷன் சரியாகத் தூங்கவில்லையாம்.

"பிஸ்கட் கிடக்கட்டும்மா," என்றார் கோச். "அவன் ஒரு ரேஸை கையில வந்ததை விட்டுட்டு வந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரியுது. வீட்டுக்கு வந்தா டேபிள்ல எனக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு. நான் யார்கிட்ட போய் அவனைத் திட்டுறது? எனக்கும் ஒரு வீடு வேணும்ல?"

"என்கிட்டதான் திட்டுவார்," என்றார் அக்கா. "திட்டி முடிச்சாதான் மறுநாள் மனுஷனா மைதானத்துக்குப் போவார்."

அணி என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன். நீ எங்கே தூங்கினால் எனக்கென்ன, நான் பார்ப்பது ஓட்டத்தைத்தான் என்றார் கோச். அக்கா சிரிக்க, நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன்.

அப்பாவைக் கோச் பார்த்துக்கொண்டார். கீழே வந்து முகத்தை வெகு கம்பீரமாக வைத்துக்கொண்டு, சலவைக் கடைப் படிக்கட்டு மாதிரி காலுக்கு நல்லது வேறு கிடையாது, அங்கேயே சேர்த்துவிடுங்கள் என்றார். "நானும் காலைல இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றார் என் அப்பா. சத்தியமாக இப்படித்தான் சொன்னார். கோச் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் என் பெட்டி சலவைக் கடை மாடிக்கு ஏறிவிட்டது.

அணியிலும் இடம் கிடைத்தது. முதல் போட்டியிலேயே மண்ணைக் கவ்வினேன். ஆரம்பத்தில் புலிபோலப் பாய்ந்தேன்; கடைசிச் சுற்றில் கால் ஓய்ந்ததும் ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். நாளைக்குப் பேசலாம் என்று மட்டும் சொன்னார் கோச். அவர் தாடை இறுகியிருந்தது. நேராக அறைக்கு வந்தேன், கதவைச் சாத்தினேன், தலையணையை எடுத்தேன். கோச்சைத் திட்டும் கட்டம் வந்தபோது தூங்குமூஞ்சி எழுந்துவிட்டாள்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. ரேஸ்ல தோத்துட்டேன்."

"அவ்வளவுதானா," என்று தன் தலையணையையும் என் பக்கம் தள்ளிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். ஆசை தீர அழுதேன். அப்புறம் அந்தச் சூடான தரையிலேயே கட்டை மாதிரித் தூங்கிப்போனேன்.

காலையில் மைதானத்துக்குப் போனபோது என் கண் இரண்டும் வீங்கியிருந்தன. கோச் என்னைக் கூப்பிட்டார். ராத்திரியெல்லாம் கத்தினவர்போல அவருக்குத் தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. நான் அவர் தொண்டையைப் பற்றிக் கேட்கவில்லை, அவர் என் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

"மெதுவா ஆரம்பி," என்றார்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.